கொழுப்பெடுத்தவள்

அந்த பேக்கரியில் காலையில் கேட்கும் முதல் சத்தம் அடிச் சத்தம்தான். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த கொழுப்புக் கட்டி செங்கல் மாதிரி விறைத்திருக்கும். அதை மேடைமேல் போட்டு, உருட்டுக்கட்டையால் அடித்துத் தட்டையாக்கி, மாவுக்குள் வைத்து மடித்து, தேய்த்து, மறுபடி மடித்தால்தான் அடுப்பில் வேகும்போது ஏடு ஏடாகப் பிரியும். தோள்பட்டை கழன்றுபோகும் வேலை. மற்றவர்கள் தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். அவள் மட்டும் முந்திக்கொண்டு வந்து கட்டையை எடுப்பாள்.

"ஏம்மா, அது உன்னை என்ன பண்ணுச்சு? மேடை உடைஞ்சா யாரு பதில் சொல்றது?" என்பார் முதலாளி.

"மேடைக்கு ஒண்ணும் ஆகாது. நான் ஆளைப் பார்த்துத்தான் அடிக்கிறேன்."

அந்த ஆள் அவளுடைய நாத்தனார். அதாவது, முன்னாள் கணவனின் அக்கா. அங்கே வேலை செய்த எல்லாருக்கும் அது தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளே சொன்னதுதான். சொல்லும்போது அழவில்லை. கட்டியை இன்னும் ஒரு அடி கூடுதலாக அடித்தாள், அவ்வளவுதான்.

அவள் வாழப்போன வீட்டில் கணவனும் அவனுடைய அக்காவும் மட்டும் இருந்தார்கள். கணவன் சரக்கு வேன் ஓட்டினான். சுற்றி வளைத்துப் பார்த்தால் அவளுக்கு அவன் தூரத்துச் சொந்தம். தாய் தகப்பன் போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் அக்காதான். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. தெருமுனையில் இருந்த ஒரு சின்ன மருத்துவமனையில் முன்னால் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பது அவள் வேலை. அந்தத் தெருவில் யாருக்கு இருமல், யாருக்குப் பேதி என்றாலும் முதலில் அவளிடம்தான் கேட்பார்கள். அதனால் 'பாதி டாக்டர்' என்று பெயர். நிஜ டாக்டர் வெளியூர் போயிருக்கும் நாட்களில் முழு டாக்டர்.

வந்த மருமகளோ நல்ல கனத்த உடம்பு, பெரிய சிரிப்பு, கேட்டதற்குப் பதில் சொல்லும் வாய். பாதி டாக்டருக்கு முதல் மாதத்திலேயே பிடிக்காமல் போயிற்று.

"உடம்புலயும் கொழுப்பு, வாயிலயும் கொழுப்பு," என்று தம்பியிடம் சொல்வாள். தம்பி வேன் சாவியைத் தேடுகிற மாதிரி நழுவிவிடுவான். பிறகு தெருவில் பேச்சு வந்தாலும் 'எங்க வீட்டுக் கொழுப்பெடுத்தவ' என்றுதான் சொல்வாள்.

ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதுவும் அம்மாவைப் போலவே. மணிக்கட்டில் நூல் கட்டியது போல மடிப்பு, உப்பிய கன்னம். 'பந்து' என்று கூப்பிட்டார்கள். பந்து நன்றாகத்தான் வளர்ந்தாள். ஆனால் ஒரு விஷயத்தை அம்மா மட்டும் கவனித்திருந்தாள். பசித்தால் மற்றக் குழந்தைகள் வீறிட்டு அழும். இவள் துவண்டு போவாள். பால் கொஞ்சம் தாமதமானாலும் கண் சொருகும். அதனால் அவள் அடிக்கடி ஊட்டினாள்.

"வாயை மூட விடாம தீனி போடுறியே, இது பிள்ளையா, உண்டியலா?" என்பாள் பாதி டாக்டர்.

பந்து தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்திருந்த சமயம். ஒரு சாயங்காலம் காய்ச்சல் வந்தது, இரண்டு முறை வாந்தி எடுத்தாள். அம்மா பாலைக் கலக்கிப் புட்டியில் ஊற்றினாள். பாதி டாக்டர் புட்டியைக் கையிலிருந்து பிடுங்கினாள்.

"வாந்தி எடுக்கிற வயித்துக்குள்ள இன்னும் ஊத்துறியா? வயித்துக்கு ஓய்வு கொடு. காலையில பார்த்துக்கலாம்."

"அண்ணி, இவ பசி தாங்க மாட்டா. சர்க்கரைத் தண்ணியாவது கொடுக்கிறேன்."

"ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது. உடம்புல இருக்கிற கொழுப்புக்கு ரெண்டு நாளானாலும் தாங்கும். நான் தினமும் நூறு பிள்ளைங்களைப் பார்க்கிறவ, எனக்குச் சொல்லித் தராத."

கணவனைப் பார்த்தாள். "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றான். பாதி டாக்டர் புட்டியையும் பால் மாவையும் தன் அறைக்கே எடுத்துக்கொண்டு போனாள். பந்து கொஞ்ச நேரம் முனகிவிட்டுத் தூங்கிப்போனாள். தூங்குகிறாளே, காய்ச்சல் தணிந்துவிட்டது என்று பெற்றவளும் பக்கத்தில் படுத்துக் கண்ணயர்ந்தாள்.

காலையில் பந்து எழுந்திருக்கவில்லை.

டாக்டர் வந்து பார்த்தார். "ராத்திரி என்ன நடந்தது?" என்று கேட்டார். அம்மா வாய் திறப்பதற்குள் பாதி டாக்டர் முந்திக்கொண்டாள்.

"தூக்கத்துல பிள்ளை மேல புரண்டு படுத்திருப்பா டாக்டர். உடம்பைப் பாருங்களேன்."

அந்த ஒரு பேச்சுதான். டாக்டர் வேறெதுவும் கேட்கவில்லை. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வருவதற்குள் அது தெருவின் மறுகோடியைத் தொட்டுவிட்டது. துக்கம் கேட்க வந்த பெண்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் அவளுடைய கைகளையும் தோளையும் பார்த்தார்கள். புட்டியைப் பிடுங்கியதை அவள் சொல்லிப் பார்த்தாள். "பழியை அடுத்தவங்க மேல போடுறா பாரு," என்றார்கள். கணவன் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. சில மாதங்களில் அவளை அண்ணன் வீட்டில் கொண்டு விட்டான். வேனை நிறுத்தக்கூட இல்லை. இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

அண்ணன் வீட்டில் ஒரு கைக்குழந்தை இருந்தது. ஒருநாள் அது தவழ்ந்து வந்து அவள் மடியில் ஏறியது. அண்ணன் மனைவி அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "இவனுக்குத் தூக்கம் வருது," என்று தூக்கிக்கொண்டு போனாள். குழந்தை விழித்துக்கொண்டுதான் இருந்தது. அடுத்த வாரமே அவள் தனி அறை பார்த்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஊர் நம்பியதைக்கூட அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். தானே பாதி நம்ப ஆரம்பித்ததுதான் தாங்க முடியவில்லை. ஒருவேளை புரண்டிருப்பேனோ? கை கனமாக அவள் மேல் விழுந்திருக்குமோ? தன் கையையே அவள் வெறுத்தாள். தூங்கும்போது கைகளை முதுகுக்கு அடியில் செருகிக்கொண்டு தூங்கினாள். அவள் உடம்பை அவளுக்கே விரோதியாக்கிவிட்டாள் அந்தப் பாவி. பந்தைக் கொன்றது யார், எது என்று அவளுக்குத் தெரியாது. தன்னைக் கொன்றது யார் என்று தெரியும்.

ஒருதடவை மருத்துவமனைக்கே போய், டோக்கனுக்குக் காத்திருந்தவர்களுக்கு நடுவில் நின்று கத்தினாள். இரண்டு பேர் பிடித்து வெளியே தள்ளினார்கள். "பாவம், அன்னைக்கிலேருந்து புத்தி சரியில்ல," என்றாள் பாதி டாக்டர், எல்லாருக்கும் கேட்கும்படி. அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் போகவில்லை. பேக்கரியில் சேர்ந்தாள். வருஷங்கள் போயின. கணவன் அதே உறவு வட்டத்துக்குள் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டான் என்று கேள்விப்பட்டாள். அன்றைக்கு அடித்த அடியில் கொழுப்புக் கட்டி மேடையைவிட்டே தெறித்து விழுந்தது.

ஒரு காலை, கடை முன்னால் வேன் வந்து நின்றது. அவன்தான். தலை பாதி நரைத்திருந்தது. கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று ரொட்டியைப் பார்ப்பது போல நின்றான்.

"என்ன வேணும்?"

"பையன் ஆஸ்பத்திரியில இருக்கான்," என்றான். "பெரிய ஆஸ்பத்திரி. காய்ச்சல், வாந்தி, அப்புறம் நினைவே இல்ல. சர்க்கரையை நரம்புல ஏத்தினதும் கண்ணைத் திறந்தான். ரத்தத்தை எடுத்து எங்கயோ அனுப்பியிருக்காங்க. முன்னாடி ஏதாவது குழந்தை இறந்திருக்கான்னு டாக்டரம்மா கேட்டாங்க. சொன்னேன்."

அவள் கண்ணாடிப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"அந்தக் குழந்தையோட அம்மாகிட்ட நான் பேசணும்னாங்க. நீ ஒரு தடவை வரணும்."

"உன் அக்கா இருக்காளே, எல்லாம் தெரிஞ்சவ. அவளைக் கேளு."

"அக்காவுக்கு நான் இங்க வந்ததே தெரியாது. பையன் பிழைக்கிறதே பெரிசு…"

"செத்தா சாகட்டும்," என்றாள்.

முதலாளிகூடத் திரும்பிப் பார்த்தார். அவன் போய்விட்டான். அவளுக்கு அந்த முற்பகல் முழுவதும் பறப்பது போல இருந்தது. வாய்விட்டுப் பாடினாள். சூடாக வந்த ரொட்டியில் வெண்ணெய் தடவி இரண்டு துண்டு தின்றாள். அந்த வீட்டிலும் ஒரு தொட்டில் ஆடாமல் நிற்கட்டும், அந்தச் சிறுக்கி அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டாள். இதை மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. அவளே பிறகு இப்படித்தான் சொன்னாள்.

மத்தியானம் அடுப்பு தணிந்த பிறகுதான் அவன் சொன்ன இன்னொன்று மனதில் முள்ளாகக் குத்த ஆரம்பித்தது. டாக்டர் அவளிடம் கேட்க வேண்டுமாம். என்ன நடந்தது என்று இத்தனை வருஷத்தில் அவளை ஒருவர்கூடக் கேட்டதில்லை. கேட்க ஒரு ஆள் இருக்கிறார் என்றால், சொல்லவும் ஒரு இடம் இருக்கிறது.

குழந்தையைக் காப்பாற்றத்தான் போனாள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவள் கணக்குத் தீர்க்கப் போனாள். போவதற்கு முன் வேன்காரனுக்குப் போன் பண்ணி ஒன்றுதான் சொன்னாள்: "உன் அக்காவும் அந்த அறையில இருக்கணும். இல்லாட்டி நான் வாயைத் திறக்க மாட்டேன்."

மருத்துவர் ஒரு இளம் பெண். மேஜையில் பாதி குடித்த காபி ஆறிப்போயிருந்தது. ஒரு பக்கம் வேன்காரனும் அவனுடைய இளைய மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். சுவர் ஓரமாக பாதி டாக்டர், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு. முடி கொட்டியிருந்தது. ஆனால் பார்வை பழைய பார்வைதான்.

"உங்க பாப்பா கடைசியா எப்போ சாப்பிட்டா?" என்று மருத்துவர் கேட்டார்.

அவள் நாற்காலியை மேஜைக்கு அருகில் இழுத்துப் போட்டாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பசித்தால் துவண்டு போனது, வாந்தி, பிடுங்கிய புட்டி, கொழுப்பு தாங்கும் என்ற பேச்சு, காலை.

"நான் அப்படியெல்லாம் சொல்லல டாக்டர்," என்றாள் பாதி டாக்டர். "பால் மட்டும் வேண்டாம்னேன். இவளுக்கு அப்பவே…"

"அண்ணி," என்றாள் இளையவள். அதுவரை அவள் தலை நிமிரவில்லை. "என்கிட்டயும் அதான சொன்னீங்க. ஒரு சொட்டு கொடுக்காதன்னு. நான் குளியலறைக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டுப் பால் கொடுத்தேன். நீங்க அசந்தப்பல்லாம் கொடுத்தேன்."

மருத்துவர் ஒரு தாளை எடுத்துச் சங்கிலி மாதிரி வரைந்தார்.

"சாப்பாடு நின்னா, உடம்பு முதல்ல கையிருப்பில இருக்கிற சர்க்கரையைச் செலவு பண்ணும். சின்னக் குழந்தைக்கு அது சீக்கிரம் தீர்ந்துடும். அப்புறம் கொழுப்புதான். கொழுப்புங்கறது வெறும் ஊளைச்சதை இல்லம்மா, நாளைக்குன்னு எடுத்து வச்ச சாப்பாடு. அதுல இருக்கிற கொழுப்பு அமிலம் இந்த மாதிரி நீளச் சங்கிலி. உடம்பு முனையிலேருந்து ரெண்டு ரெண்டு கண்ணியா வெட்டி எரிக்கும். சங்கிலி நீளமா இருக்கும்போது ஒரு கத்தரி, நடுத்தரமா ஆனதும் வேற கத்தரி, குட்டையானா இன்னொண்ணு. இந்தப் பையனோட ரத்த முடிவு வந்துடுச்சு, அவனுக்கு நடுக் கத்தரி வேலை செய்யல. பாதியோட நின்னு போகுது. மூளைக்குச் சர்க்கரையும் இல்ல. சர்க்கரை இல்லாதப்போ கொழுப்பை வச்சு ஈரல் செஞ்சு அனுப்புற எரிபொருளும் போதாது. வேளைக்குச் சாப்பிடுற வரைக்கும் வெளிய ஒண்ணுமே தெரியாது."

"அப்ப கன்னம் நிறையக் கொழுப்பு இருந்தும்…" என்றாள் பந்தின் அம்மா.

"இருந்தும் பட்டினிதான்."

அவள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அம்மா புரண்டு படுத்தா இப்படி ஆகுமா?"

மருத்துவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறியது. "யார் சொன்னது அப்படி? நான் அந்தக் குழந்தையைப் பார்க்கல. அதனால நூத்துக்கு நூறுன்னு சொல்ல முடியாது. அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வந்தாத்தான் இந்த நோய் வரும். உங்க ரத்தத்தையும் பார்த்துடுவோம். ஆனா நீங்க சொன்ன ஒவ்வொண்ணும் இந்த நோய் போற பாதைதான்."

"என் தம்பி பக்கம் அப்படி எதுவும் கிடையாது," என்றாள் பாதி டாக்டர்.

"உங்க தம்பிகிட்ட இல்லாம பையனுக்கு வந்திருக்காதும்மா. உங்ககிட்டயும் இருக்கலாம். இருக்கிறவங்களுக்கு அதனால ஒண்ணும் ஆகாது, தெரியவும் தெரியாது." மருத்துவர் தாளை மடித்து வைத்து, "ஒரு ராத்திரி சாப்பிடாம இருந்தா மத்தக் குழந்தைங்க தாங்கிடும். இது யாருக்கும் அப்போ தெரிஞ்சிருக்க நியாயமில்ல," என்றார்.

வெளியே வந்ததும் பாதி டாக்டர் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். "பார்த்தியா, டாக்டரே சொல்லிட்டாங்க. தெரியாமதான் செஞ்சேன். மனசுல வச்சுக்காத."

அவள் கையை உருவிக்கொண்டாள். அதுவரை ஒருநாளும் மரியாதை தவறிப் பேசாதவள், அன்றைக்குத்தான் நீ என்றாள்.

"தெரியாம செஞ்சது பட்டினி போட்டது. அதை நான் எப்படியோ முழுங்கிக்கிறேன். புரண்டு படுத்துட்டேன்னு சொன்னியே, அதுவும் தெரியாம வாயில வந்துச்சா? அதை இந்த வராந்தாவுல வச்சுத் தீர்க்க முடியாது. எங்க சொன்னியோ அங்க வந்து சொல்லணும்."

ரத்தச் சோதனை முடிவு வரச் சில வாரங்கள் ஆயின. அவளிடமும் அந்தக் குறை இருந்தது. அடுத்த விடுமுறை நாளிலேயே பழைய தெருவுக்குப் போனாள். கதவைத் திறந்தவன் வேன்காரன்.

"நீ உள்ளயே இரு. அதுதான உனக்குப் பழக்கம்," என்றாள். பிறகு உள்ளே பார்த்து, "செருப்பை மாட்டு. வா."

பாதி டாக்டர் முடியாது என்றாள். அழுதாள். தலை சுற்றுகிறது என்றாள். அப்போது இளையவள், இடுப்பில் பையனை வைத்து ஏதோ ஊட்டிக்கொண்டே வந்து, செருப்பை எடுத்துப் பாதி டாக்டர் காலடியில் வைத்தாள்.

தையல்காரர் வீட்டில் ஆரம்பித்தார்கள். தையல்காரரின் மனைவிதான் அந்தக் காலத்தில் கதையைப் பரப்பியவர்களில் முதல் ஆள்.

"சொல்லு."

"குழந்தை… நோய்ல போச்சு," என்றாள் பாதி டாக்டர் முனகலாக.

"அது இல்ல. முழுசா."

"இவ ஒண்ணும் பண்ணல. பால் கொடுக்க விடாதது நான். இவ புரண்டு படுத்தாள்னு நான்தான் பொய் சொன்னேன்."

தையல்காரரின் மனைவிக்கு முகம் வெளிறியது. "விடும்மா, என்னைக்கோ நடந்தது. பாவம், வயசானவ."

"என்னைக் கொலைகாரின்னு சொன்னப்போ எனக்கு என்ன வயசு? அப்ப உங்களுக்குப் பாவம் தெரியலையா?" என்று கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

அடுத்த வீட்டில் யாரோ ஒரு புது ஜோடி. "நாங்க போன மாசம்தாங்க குடி வந்தோம்," என்றான் அந்தப் பையன், ஒன்றும் புரியாமல்.

"பரவாயில்ல தம்பி, கேட்டு வச்சுக்கோங்க. யாராவது உங்ககிட்ட மாத்திச் சொல்லிடப் போறாங்க."

அங்கும் சொல்ல வைத்தாள். கதவைத் தட்டத் தட்ட பாதி டாக்டரின் குரல் தேய்ந்தது. இவள் குரல் ஏறியது. மாடி வீட்டில் இருந்த ஓய்வு பெற்ற வங்கிக்காரர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "எந்தக் குழந்தைம்மா?" என்றார்.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். அவளை ஒரு காலத்தில் படியேற விடாதவர் அவர். எந்தப் பேச்சால் அவள் வாழ்வு இரண்டாக வெட்டுப்பட்டதோ, அந்தப் பேச்சும் இவருக்கு நினைவில்லை, அந்தக் குழந்தையும் நினைவில்லை. பந்து இந்தப் படியில் ஏறி விளையாடியிருக்கிறாள். ஒரு நிமிஷம் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிறகு அது கோபமாகத் திரும்பியது. "இன்னொரு தடவை சொல்லு. நினைவு வர்ற வரைக்கும் சொல்லு," என்றாள்.

மருத்துவமனையைக் கடைசியாக வைத்திருந்தாள். டோக்கனுக்குக் காத்திருந்தவர்கள் பெஞ்சை நிறைத்திருந்தார்கள். பாதி டாக்டர் தான் தினமும் உட்காரும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். பிறகு யாரும் கேட்காமலே இன்னொன்றையும் சொன்னாள்.

"அன்னைக்குக் காலையில குழந்தையைப் பார்த்ததும் எனக்கே தோணுச்சு, பால் கொடுக்க விட்டிருக்கணுமோன்னு. இவ வாயைத் திறக்கிறதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன்."

ஒரு குழந்தை மட்டும் எங்கேயோ இருமியது. அவள் அந்த முகத்தை நன்றாக, ஆசை தீரப் பார்த்தாள். இத்தனை வருஷமாக அடித்து நொறுக்க நினைத்த முகம். எல்லார் எதிரிலும் அது தானாகவே நொறுங்கிக்கொண்டிருந்தது. இனிக்கத்தான் செய்தது. இல்லை என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் பாதி டாக்டரிடம் மருந்து கேட்பதில்லை. டோக்கன் வாங்குகிறார்கள், போகிறார்கள். பட்டப்பெயரும் போய்விட்டது. வீட்டில் பையனுக்கு எப்போது ஊட்டுவது, காய்ச்சல் வந்தால் எவ்வளவு சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது, எந்த எண்ணெய் ஆகாது என்பதையெல்லாம் இளையவள்தான் முடிவு பண்ணுகிறாள். சொன்னதை அக்காவும் தம்பியும் செய்கிறார்கள். பையன் நன்றாக இருக்கிறான். அவன் வயிறு காயக் கூடாது என்பதுதான் மருந்து.

ஒருநாள் பாதி டாக்டர் பேக்கரிக்கு வந்தாள். பையன் இந்தக் கடை பிஸ்கட் என்றால் மறுக்காமல் தின்கிறானாம். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒரு பாக்கெட் கொடும்மா," என்றாள்.

"உனக்கு இங்க வியாபாரம் இல்ல. அவன் அம்மாவை வரச் சொல்லு."

"வெயில்ல அவ்வளவு தூரம் வந்திருக்கேன்."

"பார்த்தேன்."

மறுநாள் இளையவள் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பந்தின் அம்மா அன்று காலை வெந்ததாகப் பார்த்துப் பொறுக்கி, பெரிய பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தாள். பையனின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். தெருவுக்கு எதிர்ப்பக்கம், கடைக்குள் வரத் துணியாமல், பாதி டாக்டர் நின்றுகொண்டிருந்தாள்.

"போதும் விட்டுடேன், மன்னிச்சிடு. கிழவி நிக்கிறதைப் பார்த்தா எனக்கே ஒரு மாதிரி இருக்கு," என்றார் முதலாளி.

"உங்களுக்கு மனசு கேக்கலைன்னா ஒரு நாற்காலி கொண்டுபோய்ப் போடுங்க," என்றாள் அவள். "நான் போட மாட்டேன்."